ரோட்டரின் சூடு எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

குளிரறை, ஐஸ் பிளான்ட், வீட்டு ஏசி, ஹைபிரிட் கார் என்று கொம்பிரசர் மோட்டார்களைப் பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். மோட்டார் கருகினால் எல்லோரும் செம்புக் கம்பிச் சுற்றான வைண்டிங்கைப் பார்க்கிறார்கள், அதற்குள் சுழலும் ரோட்டரைப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் பதில்களில் ரோட்டருக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

சீனன்குடாவில் மீன் குளிரறை ஒன்றைப் பராமரிக்கிறேன். −20 பாகை அறை, செமி ஹெர்மெட்டிக் கொம்பிரசர், ஆர்404ஏ காஸ். கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் பெயர்த்தகட்டில் உள்ளதை விடக் குறைவான அம்பியர்தான் ஓடியது. அப்படியிருந்தும் மோட்டார் கருகிவிட்டது. கழற்றியபோது ரோட்டர் நீலம் பாய்ந்து கிடந்தது. குறைந்த கரண்டில் ஓடிய மோட்டார் எப்படிச் சூடேறும்?
– வாசகர், சீனன்குடா

அம்பியர் குறைந்திருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. உங்களுடைய செமி ஹெர்மெட்டிக் கொம்பிரசரில் மோட்டாரும் பிஸ்டனும் ஒரே உறைக்குள் இருக்கின்றன, மோட்டாருக்கென்று தனி விசிறி கிடையாது. ஆவியாக்கியிலிருந்து திரும்பி வரும் குளிர்ந்த காஸ் முதலில் மோட்டாரைக் கடந்து, பிறகுதான் சிலிண்டருக்குப் போகிறது. காஸ் குறைந்தால் பிஸ்டனுக்கு வேலை குறையும், கரண்டும் இறங்கும். கூடவே மோட்டாரைக் குளிர்விப்பதும் குறையும். கரண்ட் இறங்குவதை விடக் குளிர்ச்சி வேகமாக இறங்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். −10 பாகை ஆவியாதலில் 10 கிலோவாட் குளிர் தரும் ஆர்404ஏ கொம்பிரசர் வினாடிக்கு ஏறத்தாழ 90 கிராம் காஸை இழுக்கும். மோட்டாரில் சூடாக வீணாவது 600 வாட் என்றால், காஸ் மோட்டாரைக் கடக்கையில் 7, 8 பாகைதான் சூடேறும். அதே கொம்பிரசர் −35 பாகையில் ஓடினால் காஸ் 30 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். வீணாகும் சூடோ 450 வாட் அளவில் நிற்கும். இப்போது காஸ் 16, 17 பாகை ஏறும். காஸ் கசிந்திருந்தால், ஈரம் உறிஞ்சும் டிரையர் அடைத்திருந்தால், ஆவியாக்கியில் ஐஸ் படிந்து காற்றே போகாமல் இருந்தால் நடப்பது இதுதான்.

இதில் ரோட்டரின் நிலைமை வைண்டிங்கை விட மோசம். வைண்டிங்கைத் தாங்கி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் உடலோடு இறுகப் பொருந்தியிருப்பதால் அதன் சூட்டில் ஒரு பங்கு வெளி இரும்புக்குப் போய்விடும். ரோட்டருக்கு இரண்டே வழிகள்தான். அலுமினிய முனை வளையங்களில் வார்த்திருக்கும் சிறிய இதழ்களும் அரை மில்லிமீற்றருக்குக் குறைவான காற்றிடைவெளியும் காஸுக்குக் கொடுப்பது ஒன்று, தண்டு வழியாகப் பெயாரிங்குக்கும் ஒயிலுக்கும் இறங்குவது மற்றொன்று. சூட்டுணரிகள் மூன்றும் ஸ்டேட்டர் வைண்டிங்குக்குள் புதைந்திருக்கின்றன. ரோட்டரில் ஒன்றும் கிடையாது. ரோட்டர் கொதித்து, அந்தச் சூடு இடைவெளியைத் தாண்டி வைண்டிங்குக்கு வந்த பிறகுதான் உணரிகளோடு இணைந்த காவல் மொடியூல் டிரிப் அடிக்கும்.

எஃகு நீலம் பாய ஏறத்தாழ 300 பாகை வேண்டும். சீராக ஓடும் ரோட்டர் அந்த அளவுக்குப் போவது அரிது. நீலத்தைக் கண்டாலே ஸ்டார்ட்டுகளைச் சந்தேகிப்பது நல்லது. நான்கு துருவ மோட்டார் 50 ஹேர்ட்ஸில் 1500 சுற்றுக்குப் பதில் 1450 சுற்றில் ஓடுகிறது என்றால், ரோட்டருக்குள் போகும் ஒவ்வொரு 100 வாட்டிலும் மூன்று வாட் அளவு சூடாகிறது. ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ரோட்டர் நிற்கிறது, அப்போது உள்ளே போகும் 100 வாட்டும் சூடுதான். கரண்டும் ஐந்து முதல் ஏழு மடங்கு. காஸ் குறைந்த குளிரறையில் லோ பிரஷர் சுவிட்ச் அடிக்கடி வெட்டி வெட்டிப் போடும். ஆகவே ஒரே குறையால் இரண்டு கேடு: குளிர்விக்கும் காஸும் குறைவு, ஸ்டார்ட்டுகளும் அதிகம்.

புது மோட்டாரைப் போடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். மணிக்கு எத்தனை ஸ்டார்ட் என்று எண்ணுங்கள். பல தயாரிப்பாளர்கள் ஆறு முதல் எட்டு வரைதான் அனுமதிக்கிறார்கள். பம்ப் டவுன் முறை (சொலனொயிட் வால்வு திரவத்தை மூடியதும் கொம்பிரசர் மிச்சக் காஸை இழுத்துவிட்டு நிற்பது) என்றால் அந்த வால்வு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். அது கொஞ்சம் கசிந்தாலும் கொம்பிரசர் சில நிமிடங்களுக்கொரு முறை எழும்பும். −20 அறைக்கு ஆவியாதல் −30 பாகை அளவில் இருக்க வேண்டும். ஆர்404ஏயில் அது 15 பிஎஸ்ஐ. லோ பிரஷர் சுவிட்சை 5 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்க வேண்டாம், அது ஏற்கெனவே −40 பாகை. அறை குளிரவில்லை என்று சுவிட்சை வெற்றிடம் வரை இறக்கிவிடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். அது ரோட்டரை மூச்சடைக்க வைக்கும் வேலை.

உறிஞ்சு குழாயின் மேலுறையையும் விட்டுவிடாதீர்கள். தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் பெரும்பாலும் காஸ் 20 பாகையில் கொம்பிரசருக்குள் வருவதாக வைத்துக் கணக்கிட்டவை. வெயிலில் வெடித்த உறையோடு கூரை மேல் ஓடும் குழாயில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் காஸ் 30 பாகைக்கு மேல் வந்து சேரும். டிஸ்சார்ஜ் குழாயைக் கொம்பிரசரிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி அளந்து பாருங்கள். 107 பாகையைத் தாண்டினால் உள்ளே வால்வுப் பக்கம் ஒயில் சிதையத் தொடங்கியிருக்கும்.

பக்கத்தில் ஸ்டாண்ட் ஃபேன் வைப்பதால் தலையும் உடலும் குளிரும், ரோட்டருக்கு அது போய்ச் சேராது. தண்ணீர் ஊற்றுவதை அடியோடு விட்டுவிடுங்கள், டெர்மினல் பெட்டிதான் முதலில் கெடும். கருகிய மோட்டாரின் அமிலம் குழாய்களில் இருக்கிறது. ஒயிலையும் டிரையரையும் மாற்றி, உறிஞ்சு பக்கம் அமிலம் உறிஞ்சும் ஃபில்டர் போட்டு, சில நாள் ஓடவிட்டு ஒயிலை அமிலச் சோதனை செய்யுங்கள். சோதனை சுத்தமாகும் வரை ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மோட்டாரின் சூட்டுணரிகள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று மெகரால் (மின்காப்புச் சோதனை மீட்டரால்) பார்க்கலாமா?
– வாசகர், உப்புவெளி

கூடவே கூடாது. மெகரின் வோல்டேஜில் உணரி அந்த இடத்திலேயே செத்துவிடும். மூன்று வோல்ட்டுக்கு மேற்படாத சாதாரண மீட்டரால் ஓம் பாருங்கள். ஆறிய நிலையில் மூன்றும் தொடராகச் சேர்ந்து சில நூறு ஓம்தான் காட்ட வேண்டும். ஐஎன்டி69 வகை மொடியூல் 4,500 ஓம் அளவில் வெட்டி, 2,750 ஓமுக்கு இறங்கிய பிறகு விடும். மெகரை வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையில் மட்டும் வைக்க வேண்டும், அதுவும் கொம்பிரசர் வெற்றிடத்தில் இல்லாதபோது.

கிண்ணியாவில் எங்கள் குளிரறையில் மூன்று ஃபேஸிலும் கரண்ட் ஒரே மாதிரி இல்லை. ஒன்று 14 அம்பியர், மற்றவை 11, 12. மெக்கானிக் பாஸ் இது பெரிய விடயமல்ல என்கிறார். உண்மையா?
– வாசகர், கிண்ணியா

பெரிய விடயம்தான். வோல்டேஜில் ஒரு விழுக்காடு ஏற்றத்தாழ்வு இருந்தால் கரண்டில் ஆறு முதல் பத்து விழுக்காடு வரை வித்தியாசம் வரும். கொம்பிரசர் ஓடும்போது, கொம்பிரசரின் டெர்மினலிலேயே மூன்று ஃபேஸ் இடை வோல்டேஜ்களை அளவுங்கள். 398, 405, 382 என்று வந்ததாக வைப்போம். சராசரி 395. அதிலிருந்து மிகக் கூடுதலாக விலகுவது 382, அதாவது 13 வோல்ட். 13ஐ 395ஆல் வகுத்தால் 3.3 விழுக்காடு. அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி இரட்டித்தால் வைண்டிங்கின் சூட்டேற்றம் எத்தனை விழுக்காடு கூடும் என்பது வரும். இங்கே ஏறத்தாழ 22. கொம்பிரசர் தயாரிப்பாளர்கள் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் விரும்புவதில்லை.

ரோட்டருக்கு இது ஏன் கடுமை? சமமில்லாத வோல்டேஜ் ஸ்டேட்டரில் எதிர்த்திசையில் சுற்றும் சிறிய காந்தப் புலம் ஒன்றையும் உண்டாக்குகிறது. ரோட்டர் அதை எதிர்த்து ஓடுவதால் அதன் பட்டைகளில் 100 ஹேர்ட்ஸுக்குக் கிட்டிய கரண்ட் பாய்கிறது. அந்த வேகத்தில் மாறும் கரண்ட் பட்டை முழுவதும் பரவாமல் மேல்விளிம்பில் நெருங்கும். ஓடும் பரப்புக் குறைவதால் தடை கூடி, ரோட்டரின் மேற்பரப்பு காய்கிறது.

குற்றம் லைனிலா மோட்டாரிலா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. மெயினை அணைத்து, மூன்று வயர்களையும் ஒரே வரிசையில் ஒவ்வோர் இடம் தள்ளிப் பூட்டுங்கள். மூன்றையும் தள்ளினால் சுழலும் திசை மாறாது. இரண்டை மட்டும் மாற்றினால் மாறிவிடும், கவனம். மறுபடி ஓடவிட்டு அளவுங்கள். 14 அம்பியர் அதே லைன் வயரோடு போனால் குற்றம் சப்ளையில், அதே மோட்டார் டெர்மினலில் நின்றால் மோட்டாரில். சப்ளை என்றால் முதலில் மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்து வெட்டும் கொன்டாக்டரைப் பாருங்கள். ஓடும்போது ஒவ்வொரு போலிலும் மேலுக்கும் கீழுக்கும் இடையில் வோல்டேஜ் அளந்தால், நல்ல முனைகளில் சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்கும். ஒன்றில் மட்டும் கூடினால் அந்த முனை தின்றுபோயிருக்கிறது. கடல் காற்றில் பச்சை பூத்த டெர்மினல் நெட்டுகளும் இதே வேலையைச் செய்யும். ஒரே ஃபேஸில் வீட்டு ஏசிகள் எல்லாவற்றையும் தொங்கவிட்டிருந்தால் பிரித்துப் போடுங்கள். ஃபேஸ் காவல் ரிலே ஒன்று கட்டாயம் வேண்டும், அதன் விலை ஒரு வைண்டிங் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

அம்பியர் மீட்டரின் முள் சீராக நிற்காமல் வினாடிக்கு இரண்டு மூன்று முறை துடித்து, சத்தமும் ஏறி இறங்கினால் ரோட்டர் பட்டை உடைந்திருக்கலாம். துடிப்பு, நழுவல் வீதத்தை (1500 சுற்றிலிருந்து ரோட்டர் பின்தங்கும் பங்கை) லைன் அதிர்வெண்ணால் பெருக்கியதன் இரு மடங்கில் வரும். நழுவல் மூன்று விழுக்காடு என்றால் வினாடிக்கு மூன்று. வேலைப்பளு ஏறும்போது துடிப்பும் வேகமாகும். பிஸ்டன் கொம்பிரசரில் இயல்பான அதிர்வும் இருக்கும். சந்தேகமிருந்தால், கழற்றிய நிலையில் ஒரு ஃபேஸுக்கு மட்டும் பத்து விழுக்காடு வோல்டேஜ் கொடுத்துத் தண்டைக் கையால் மெல்லத் திருப்புங்கள். கரண்ட் ஒரே மாதிரி நின்றால் ரோட்டர் நல்லது.

தம்பலகாமத்தில் இரவில் வோல்டேஜ் 190க்கு இறங்குகிறது. ஏசி உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. மறுபடி எழும்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிறது. கொம்பிரசர் பழுதா?
– வாசகர், தம்பலகாமம்

இன்னும் பழுதாகாமல் இருக்கலாம். இழுக்கும் வலு வோல்டேஜின் இருபடியில் குறையும். 230க்குப் பதில் 190 என்றால் வலு மூன்றில் இரண்டு பங்குதான். காஸ் அழுத்தம் சமமாவதற்குள் எழும்பச் சொன்னால் ரோட்டர் பூட்டிக்கொள்ளும், கரண்ட் முழுவதும் சூடாகும். உள்ளே இருக்கும் ஓவர்லோட் வெட்டியதும் மொத்த இரும்பும் ஆறினால்தான் அது மறுபடி சேரும். தாமதம் அதனால்தான். அந்த நேரத்தில் கொம்பிரசரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மின்சாரம் வந்ததும் மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்து விடும் டைமரைப் பூட்டுங்கள். குறைந்த வோல்டேஜில் வெட்டும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ரன் கெப்பாசிட்டரை அளவுங்கள். 35 மைக்ரோஃபாரட் என்று எழுதியது 31 காட்டினால் மாற்றிவிடுங்கள். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் எதிர்ப் புலம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கெப்பாசிட்டர் தளர்ந்தால் அது கூடி ரோட்டரைச் சுடும். இன்னொரு விடயம்: பிளவு ஏசியின் ரோட்டரி கொம்பிரசரில் மோட்டார் இருப்பது குளிர்ந்த காஸில் அல்ல, அழுத்திய சூடான காஸில். ஆகவே வெளி யூனிட்டின் துடுப்புகளில் தூசியோ உப்போ படிந்தால் ரோட்டரும் நேரடியாகச் சூடேறும். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைவாக, கழுவிவிடுங்கள்.

எங்கள் கொம்பிரசர் உடல் முழுக்க வெண்பனி பூக்கிறது. நல்லாகக் குளிர்கிறது, மோட்டாருக்கு நல்லது என்று சொல்கிறார்கள்.
– வாசகர், மூதூர்

நல்லதல்ல. காஸாக வர வேண்டியது திரவமாக வருகிறது. திரவம் ஒயிலைக் கரைத்துப் பெயாரிங்கைக் காயவிடும். பெயாரிங் தேய்ந்தால் ரோட்டர் சரிந்து ஸ்டேட்டரில் உரசும். திறந்து பார்த்தால் ஸ்டேட்டரின் ஒரு பக்கத்தில் மட்டும் உரசிய பளபளப்பு இருக்கும். இதைப் பலர் சூட்டினால் கருகியதாக எழுதிவிட்டு ஆவியாக்கிக்குத் திரவத்தை அளந்து விடும் அதே எக்ஸ்பான்ஷன் வால்வோடு அடுத்த கொம்பிரசரைப் பூட்டுகிறார்கள். அதுவும் அதே வழியில் போகும். உறிஞ்சு வால்வருகே அழுத்தமும் வெப்பநிலையும் அளந்து சூப்பர்ஹீட்டை, அதாவது காஸ் ஆவியாதல் வெப்பநிலையை விட எத்தனை பாகை கூடுதல் என்பதை, கணக்கிடுங்கள். குறைந்தது 10, 11 பாகை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வின் பல்ப் குழாயில் இறுகக் கட்டியிருக்கிறதா, ஆவியாக்கி விசிறிகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்பிண்டிலில் கை வையுங்கள்.

கொட்பே பக்கம் அமோனியா ஐஸ் பிளான்ட். மோட்டார் வெளியில் இருக்கிறது. அதன் ரோட்டர் எப்படிக் குளிர்கிறது?
– வாசகர், திருகோணமலை

அமோனியா செம்பைத் தின்னும். அதனால்தான் வழக்கமாக மோட்டாரை வெளியே வைத்துத் தண்டால் அல்லது பெல்ட்டால் ஓட்டுகிறார்கள். மூடிய மோட்டாரில் ரோட்டர் இதழ்கள் உள்ளேயுள்ள காற்றைக் கலக்கி, சூட்டை உறைக்கும் இரு முனை மூடிகளுக்கும் கொடுக்கும். பின்னால் உள்ள விசிறி அதை வெளியே தள்ளும். துடுப்புகளுக்கு இடையே உப்பும் பெயின்டும் அடைத்தால் இந்த வழி நின்றுவிடும். மேலுக்கு மேல் பெயின்ட் அடிப்பதை நிறுத்துங்கள். இந்த மோட்டார்கள் 40 பாகைக் காற்றுக்குக் கணக்கிட்டவை. பிளான்ட் அறை 50ஐத் தொட்டால் பத்து விழுக்காடு அளவு வேலைப்பளுவைக் குறைக்க வேண்டும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஓட்டினால் தண்டோடு சுற்றும் விசிறியும் மந்தமாகும், தனி மோட்டாரில் ஓடும் விசிறியைப் பூட்டுங்கள்.

ஹைபிரிட் காரின் ஏசி கொம்பிரசர் வெயிலில் நின்று நின்று ஓடுகிறது. காஸ் கொஞ்சம் குறைவு என்றார்கள். ஒயிலும் சேர்த்துப் போடலாமா?
– வாசகர், திருகோணமலை

இந்த கொம்பிரசரில் நிரந்தரக் காந்த ரோட்டர் இருக்கிறது, இன்வேர்ட்டரும் அதோடு ஒட்டியிருக்கிறது. இரண்டையும் குளிர்விப்பது திரும்பி வரும் காஸ்தான். காஸ் குறைந்தால் இன்வேர்ட்டர் முதலில் சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நீங்கள் காண்பது அதுவாக இருக்கலாம். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, முழுவதும் எடுத்து, எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். அளவு பொனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும்.

ஒயில் விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிரியஸ், அக்வா போன்றவற்றுக்கு என்டி-11 ஒயில். சாதாரணக் காருக்கு ஊற்றும் பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலும் வைண்டிங்கின் மின்காப்பு இறங்கி, கார் உயர் வோல்டேஜ் கசிவு என்று எச்சரித்து நின்றுவிடும். பழைய காருக்குப் பாவித்த ஹோஸையும் மீட்டர் செட்டையும் அப்படியே பூட்டுவதால்கூட இது நடக்கும். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பற்றரி 201.6 வோல்ட். சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, 1000 வோல்ட் கையுறையோடுதான் ஒரேஞ்ச் வயர்களைத் தொட வேண்டும்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறேன். பெரிய சில்லர்களில் (கட்டடங்களுக்குக் குளிர்நீர் தரும் இயந்திரங்களில்) ரோட்டர் மிக வேகமாகச் சுற்றுகிறதே, அதற்குக் கூடுதல் காஸ் விட்டால் போதாதா?
– மாணவி, திருகோணமலை

போதாது, சில சமயம் அதுவே கெடுக்கும். வேகமாகச் சுற்றும் ரோட்டர் தன்னைச் சூழ்ந்த காஸோடு உரசியே சூடேறும். இந்த உரசல் இழப்பு காஸின் அடர்த்தியோடு நேராகவும், வேகத்தின் மும்மடியாகவும், ஆரத்தின் நான்காம் அடுக்காகவும் கூடும். வேகத்தை இரட்டித்தால் இழப்பு எட்டு மடங்கு. அடர்ந்த காஸைத் திணித்தால் குளிர்விக்க வந்ததே சூடாக்கும். அதனால் மோட்டார் அறையைத் தாழ்ந்த அழுத்தத்தில், ஆவியாக்கியோடு தொடர்புபடுத்தி வைக்கிறார்கள். கண்டென்சரிலிருந்து கொஞ்சம் திரவத்தைச் சிறு துளை வழியாக ஸ்டேட்டரைச் சுற்றி விட்டு, அங்கே கொதித்த ஆவியைக் காற்றிடைவெளியால் இழுத்து ரோட்டரைக் குளிர்விப்பது வழக்கமான முறை. திரவத் துளி இடைவெளிக்குள் வந்தால் ரோட்டர் அதை அறைந்து இழப்பைக் கூட்டும், மேற்பரப்பையும் அரிக்கும். கண்டென்சருக்கும் ஆவியாக்கிக்கும் அழுத்த வேறுபாடு குறைந்த நேரத்தில் திரவம் வராமல் போவதும் உண்டு. சில்லர் எளிதாக ஓடும் மழை நாளில் மோட்டார் சூடு காட்டுவது இதனால்தான்.

காந்த ரோட்டரில் இன்னொரு எல்லை இருக்கிறது. நியோடிமியம் காந்தத்தின் சாதாரண ரகம் 80 பாகை வரைதான், எஸ்எச் ரகம் 150, யூஎச் ரகம் 180. காந்தம் பறந்துவிடாமல் சுற்றியிருக்கும் கார்பன் நார் உறை சூட்டை எளிதில் வெளியே விடாது. சுழலும் ரோட்டருக்குள் வயர் கொண்டுபோவது கடினம் என்பதால் அதன் வெப்பநிலையை மறைமுகமாக அறிய வேண்டும். ஒவ்வொரு பாகைக்கும் காந்த வலு ஏறத்தாழ 0.11 விழுக்காடு குறையும். 100 பாகை ஏறினால் மோட்டார் எதிர்த்துத் தரும் வோல்டேஜ் 11 விழுக்காடு இறங்கும். ஆறிய பிறகு அந்த வோல்டேஜ் பழைய அளவுக்கு ஏறினால் காந்தம் தப்பிவிட்டது. ஏறாவிட்டால் அந்த ரோட்டரை மறுபடி காந்தமேற்ற வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.